சர்ஜனைப் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பாலின மாற்று ஆபரேஷனுக்காக சர்ஜனைப் பார்க்கப் போவதைப் பற்றி நீ போனில் சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. "ரொம்பக் கேள்வி கேட்டால் எனக்கே உறுதி இல்லைன்னு டாக்டர் நினைச்சுடுவார்மா, தள்ளிப்போட்டுடுவார்" என்றாய். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெண் என்பதை எத்தனை பேர் முன்னால் நின்று நிரூபிக்க வேண்டியிருந்தது உனக்கு! துளித் தயக்கம் காட்டினாலும் காரியம் கெட்டுவிடும் என்று பல திருநங்கைகளும் திருநம்பிகளும் பழகிப்போயிருக்கிறார்கள். ஆனால் பயத்தை மறைத்துக்கொண்டு போனால், அதற்குப் பதில் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்யப்போவது என்ன ஆபரேஷன் என்று தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு உடம்போடு எப்படி வாழ வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ அப்படிப் போய்ப் படுக்கக் கூடாது.

திருநர்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் உலக அளவில் பின்பற்றுவது, டபிள்யூபாத் என்ற சர்வதேச நிபுணர் அமைப்பின் வழிகாட்டி நெறிகளை. அதன் எட்டாவது பதிப்பு 2022இல் வந்தது. பிறப்புறுப்பு ஆபரேஷனுக்கு முன்பெல்லாம் இரண்டு நிபுணர்களின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. இப்போது ஒருவர் மதிப்பிட்டு எழுதினால் போதும் என்கிறது அது. எல்லா ஆஸ்பத்திரியும் அப்படியே செய்வதில்லை, அதனால் முதலிலேயே கேட்டுவிடு. நன்மை, ஆபத்து, மாற்றுவழி எல்லாவற்றையும் உன்னோடு பேசுவது டாக்டரின் கடமை என்பதும் அதிலேயே இருக்கிறது.

முதலில் நீ முடிவு செய்ய வேண்டியது, உள்ளே யோனிப் பாதை உனக்கு வேண்டுமா என்பதைத்தான். பலர் இதைத் தனிக் கேள்வியாக நினைப்பதே இல்லை. ஆண்குறித் தோலை உள்ளே திருப்பிப் பாதை அமைப்பது ஒரு முறை. பாதை இல்லாமல் பெண்ணுறுப்பின் வெளித்தோற்றத்தை மட்டும் அமைப்பது இன்னொன்று. பாதை அமைத்தால் டைலேட்டர் என்ற குழாய் போன்ற கருவியை உள்ளே வைத்து அதை விரிவாக வைத்திருக்க வேண்டும். முதல் மாதங்களில் தினமும் பல தடவை, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து வாரத்தில் ஓரிரு தடவை. அது அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். விட்டுவிட்டால் திசு சுருங்கிப் பாதை குறுகிவிடும். சரிசெய்ய மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டு, கதவைத் தாளிட்டுக்கொள்ளத் தனி அறைகூட இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, இதைச் செய்ய முடியுமா என்று யோசி. வெளித்தோற்றம் மட்டும் போதும் என்றால் இந்த வேலை எதுவும் இல்லை. யோனிவழி உடலுறவு வேண்டும் என்று நினைத்தால் அது பத்தாது. இதையெல்லாம் அம்மா எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே, டாக்டரிடமும் கூச்சப்படாதே. உணர்ச்சி இருக்குமா, உச்சம் வருமா என்று நேராகவே கேள். கிளிட்டோரிஸை, அதாவது பெண்ணுறுப்பில் உணர்ச்சி மிகுந்த மொட்டுப் பகுதியை, ஆண்குறியின் நுனியிலிருந்து, நரம்போடு சேர்த்துத்தான் அமைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு உணர்ச்சி திரும்புகிறது, எல்லாருக்கும் அல்ல.

இந்த ஆபரேஷனில் விரைகளையும் எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு ஹார்மோனை நிறுத்த முடியாது; நிறுத்தினால் எலும்பு தேயும். சொந்த ரத்தத்தில் பிள்ளை பெறும் வாய்ப்பும் அதோடு போய்விடும். விந்தணுவைச் சேமிக்க வேண்டுமானால் அதற்கு முன்பே செய்தாக வேண்டும். ஹார்மோன் எடுத்துக்கொண்டிருப்பதால் சில மாதம் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம், அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பேரப்பிள்ளை ஆசையில் இதை எழுதவில்லை. வேண்டாம் என்பது உன் முடிவானால் எனக்கும் அதுவே. யாரும் கேட்காமலேயே அந்தக் கதவு மூடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை எடுக்க மாட்டார்கள். வயதான பிறகு வேறு டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல மறக்காதே. சிகரெட்டை ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே நிறுத்திவிடு, ரத்த ஓட்டம் குறைந்தால் தையல் ஆறாது. அந்த இடத்து முடியை லேசரிலோ எலக்ட்ராலிசிஸிலோ நீக்கச் சொன்னால் அதற்கே மாதக்கணக்காகும்.

பாலின மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் பிறகு வருந்தினார்கள் என்று 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வைப் பற்றி நீயும் படித்திருப்பாய். 27 ஆய்வுகள், 7,928 பேர், வருந்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அதைப் படித்தபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் செய்ததற்கு வருந்துவது வேறு, சிக்கல் வருவது வேறு. காயம் பிரிவது, சிறுநீர்ப் பாதை சுருங்குவது, இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுவது எல்லாம் அதைவிட அதிகமாக நடக்கின்றன. மலக்குடலுக்கும் புதிய பாதைக்கும் நடுவே துளை விழுவது அபூர்வம், விழுந்தால் பெரிய தொல்லை. அதனால் ஊர் உலகத்துக் கணக்கை விட்டுவிட்டு, அந்த சர்ஜனின் கணக்கைக் கேள். அவர் கையால் எத்தனை செய்திருக்கிறார்? எத்தனை பேர் சிக்கலோடு திரும்பி வந்தார்கள்? படம் காட்டினால், வீக்கமெல்லாம் வடிந்து ஒரு வருடம் ஆன படம் இருக்கிறதா என்று கேள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடு ராத்திரியில் ரத்தம் கசிந்தால் யாருக்குப் போன் செய்வது? இதற்கெல்லாம் எரிச்சல்படுகிற சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அவர் சொன்னதை அங்கேயே உன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார். புரியாமல் போனது எது என்று உனக்கும் அவருக்கும் அப்போதே தெரிந்துவிடும். கையெழுத்தை அன்றைக்கே போட வேண்டியதில்லை. எல்லாம் கேட்டுவிட்டுச் செய்துகொள்கிறேன் என்றாலும் சரி, இப்போது வேண்டாம், எப்போதுமே வேண்டாம் என்றாலும் சரி, நீ என் மகள்தான். ஆபரேஷன் செய்துகொள்ளாத திருநங்கைகளும் பெண்கள்தான், அதற்குக் கத்தியின் சான்று தேவையில்லை.

செய்துகொள்வதென்றால் ஆறு முதல் எட்டு வாரம் கனமானது எதையும் தூக்கக் கூடாது. அந்த நாட்களில் நான் வந்து இருக்கிறேன், கதீட்டர், டிரெஸ்ஸிங் எல்லாம் எனக்குப் பழகிய வேலை. டாக்டரைப் பார்க்கும் அன்றைக்கு உள்ளே உன்கூட வரட்டுமா, வெளியே உட்கார்ந்திருக்கட்டுமா என்று மட்டும் சொல்லு.

அன்புடன்,
அம்மா