காலண்டர் தாளில் ஒரு கணக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருக்கும் கருந்துளையிலிருந்து பீறிட்டுப் பாயும் தாரையில் சில முடிச்சுகள், அதாவது பிரகாசமான திட்டுகள், ஒளியைவிட ஆறு மடங்கு வேகமாக நகர்வதுபோல் தெரிகின்றன, ஆனால் உண்மையில் அப்படிப் போகவில்லை என்றாய். எப்படி என்று கேட்டதற்கு, "விடுங்கப்பா, அது பெரிய கணக்கு" என்று அம்மாவிடம் பேசப் போய்விட்டாய்.

எனக்குச் சுருக்கென்றது. ஊட்டி முத்தொரைச் சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கிக்கு முப்பது வருடம் கிரீஸ் வைத்தவன் நான். அந்தச் சரிவு ஏன் 11 டிகிரி என்று ஐந்தாம் வகுப்பில் நீ கேட்டபோது, விடு என்றா சொன்னேன்? துவையலுக்கு வைத்திருந்த தேங்காயைப் பூமியாக்கிக் காட்டினேன். ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரிதான், அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, ஒரே திசையில் திருப்பினால் நட்சத்திரத்தோடு கூடவே போகலாம் என்று. அம்மாவிடம் திட்டு வாங்கியதும் நான்தான்.

நேற்று மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி ஏற்றி, உன் பிளஸ் டூ லாக் புத்தகத்தைத் தேடி எடுத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். ஒரு முடிச்சு ஒளியின் வேகத்தில் 98 சதவீதத்தில், நம் பார்வைக் கோட்டுக்கு 15 டிகிரி சாய்வில் வருவதாக வைத்துக்கொண்டேன். 100 ஆண்டில் அது நம் பக்கமாக 94.7 ஒளியாண்டு நெருங்கிவிடும், பக்கவாட்டில் 25.4 ஒளியாண்டு நகரும். புறப்படும்போது விட்ட ஒளி அதற்குள் 100 ஒளியாண்டு முன்னால் வந்திருக்கும். நூறாண்டு கழித்து விட்ட ஒளியோ அதற்கு 5.3 ஆண்டு பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. தான் விட்ட வெளிச்சத்தையே துரத்திக்கொண்டு வருகிறதே, கழுதை! நமக்கோ 5.3 ஆண்டிலேயே 25.4 ஒளியாண்டு நகர்ந்ததுபோல் தெரிகிறது. 25.4-ஐ 5.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. வேகத்தை 99 சதவீதத்துக்குச் சற்று மேலே ஏற்றினால் உன் ஆறும் வந்துவிடுகிறது. சரிதானே?

எம்87-இன் நடுவில் 650 கோடி சூரியன்களின் எடையுள்ள கருந்துளை, 5.5 கோடி ஒளியாண்டு தூரம். அதன் தாரை 1918-இல் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் வானியலாளர் கர்ட்டிஸின் கண்ணில் பட்டபோது வெறும் நேர்க்கோட்டுக் கதிராகத்தான் தெரிந்ததாம். அவர் பார்த்த அந்த ஒரு கோட்டில்தான் எனக்கு ஒரு சந்தேகம். தாரை இரு பக்கமும் பாயும் என்று நீதான் சொன்னாய். மறுபக்கத்துத் தாரை படங்களில் எங்கே? நம்மைவிட்டு விலகி ஓடுவதால் மங்கிப்போகிறது என்று நினைக்கிறேன். அதுவும் இதே கணக்குக்குள்தான் வருமா?

பருப்புப்பொடி பார்சலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் என்னிடம் பேசு, அம்மாவிடம் அப்புறம் கொடுக்கிறேன்.

அப்பா