காது கேளாத நோயாளியிடமே பேச வழி செய்யுங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் நம் கரையோர ஊர்களில் காது கேளாத ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், அவரோடு வீட்டார் ஒருவரும் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கிறது. பிறவியிலேயே காது கேளாத என் தங்கைக்கு அப்படித் துணை போகிறவள் நான். மருத்துவர் என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார். நானே பதில் சொல்கிறேன். மாதவிடாய்க் கோளாறு பற்றி அக்காவின் வாய்வழியாகச் சொல்ல அவள் கூசி, பாதியை மறைத்துவிடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளை பேச நேரும் வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளையிடம் எந்தத் தாய் எல்லாவற்றையும் சொல்வாள்?

எழுதிக் காட்டினால் போதும் என்பார்கள். சைகையிலேயே வளர்ந்து, பள்ளிப் படிப்பு சரியாக வாய்க்காதவர்களுக்கு எழுத்துத் தமிழ் எளிதன்று. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் பெரும்பாலும் ஊகமே. ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும், முகக்கவசம் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் மூன்று விரலைக் காட்டினால், அது மூன்று மாத்திரையா, மூன்று வேளையா என்று அவர்கள் எப்படி அறிவார்கள்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், அரசு மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளும் தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளும் தடையற்றவையாக இருக்க வேண்டும் என்கிறது. தடை எது என்று விளக்கும் இடத்தில் தகவல் பரிமாற்றத் தடையையும் சேர்த்திருக்கிறது. தகவல் பரிமாற்றத்தில் சைகை மொழியும் அடங்கும் என்கிறது. ஆகவே வாசலில் சாய்தளம் கட்டியதோடு இந்தக் கடமை முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் வாங்கும் ஒப்புதலைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். என்ன செய்யப் போகிறார்கள் என்று விளங்காமல் வைத்த கைரேகையை ஒப்புதல் என்று எப்படிக் கொள்வது?

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை, கூடுமானால் பெண் ஒருவரையும், நியமிக்க வேண்டுகிறேன். இராமேஸ்வரம், கீழக்கரை, மண்டபம் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளிலிருந்து அலைபேசிக் காணொலி வழியே அவரை அழைக்க ஏற்பாடு வேண்டும். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்களோடு வெளியிட்ட அகராதியில் மருத்துவச் சொற்களும் உள்ளன. வலி, காய்ச்சல், கர்ப்பம், ஒவ்வாமை போன்ற அடிப்படைச் சைகைகளையாவது செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். பெயரைக் கூவி அழைக்கும் இடங்களில் டோக்கன் எண்ணைத் திரையில் காட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. அதை முதலில் செய்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் எந்த நாள்களில், எந்த நேரத்தில் இருப்பார் என்பதை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் எழுதி வைத்தால், கரையோர மக்கள் அதற்கேற்பப் புறப்பட்டு வருவார்கள்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து, காது கேளாத பெண்ணொருத்தியின் அக்கா