கிளினிக்கில் படம் கீறிக் காட்டிய தங்கச்சிக்கு

உங்கள் பெயர் தெரியாது. திருகோணமலையில் கிளினிக் வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள், ஏதோ ஆய்வுகூடத்தில் வேலை என்று மட்டும் சொன்னீர்கள். அப்பாவுக்கு நாள்பட்ட மைலோயிட் லுகேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய், என்று சொல்லிவிட்டு வெறும் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார்கள்; ஊசியும் இல்லை, வார்டில் மறிக்கவும் இல்லை, அப்போ கைவிட்டுவிட்டார்கள் என்றே அம்மா அழுதுகொண்டிருந்தா.

நீங்கள்தான் மருந்து உறையின் பின்பக்கத்தில் பேனையால் இரண்டு கோடு கீறி, குழியத்துக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான நிறமூர்த்தங்களில் 9ஆவதும் 22ஆவதும் துண்டு மாற்றிக்கொள்வதால் பிழையான புரதம் ஒன்று உருவாகி வெண்குழியங்களை ஓயாமல் பெருக வைக்கிறது, இந்தக் குளிசை நேரே போய் அந்தப் புரதத்தை அடைக்கும் என்று விளக்கினீர்கள். அமெரிக்காவில் பிரையன் ட்ரக்கர் என்ற மருத்துவர் விடாப்பிடியாக நின்றதால் 1998இல் நோயாளர்களிடம் பரிசோதிக்கத் தொடங்கி, 2001இல் அங்கே அனுமதி கிடைத்த இமாட்டினிப் இது என்றும் சொன்னீர்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டா!

சாப்பாட்டோடுதான், பெரிய கிளாஸ் தண்ணீருடன். இடைக்கிடை வயிற்றைப் பிரட்டும், காலையில் கண்ணிமை வீங்கியிருக்கும், மற்றபடி அப்பா சைக்கிளில் மீன் சந்தைக்குப் போய் பாரை விலைக்குச் சண்டை பிடிக்கிறார். ட்ரக்கருக்கு நன்றி சொல்ல உலகமெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு நாங்கள் சொல்கிறோம். மிக்க நன்றி தங்கச்சி. திரும்ப அந்தப் பக்கம் வந்தால் அப்பாவோடு கதையுங்கள், அவரிடம் இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கின்றன.