ஏரிப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊத்தங்கரை வட்டத்தில் நம் ஏரியில் நடந்த பணிக்காக, கிருஷ்ணகிரியில் நடைபெற்ற சேவை விருது விழாவில் 'கூட்டுப்பணி' பிரிவில் சங்கத்துக்குக் கேடயமும் சான்றிதழும் கிடைத்தன. வரவு செலவு தணிக்கை அறிக்கையில் தனியே உள்ளது.

விவசாயிகள் வயலுக்கு ஏரி வண்டல் எடுக்க அனுமதி தரும் அதிகாரம் 2024-இல் வட்டாட்சியருக்கு வந்தது நமக்குப் பெரிய உதவி. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை, புஞ்சைக்கு 90 வரை எடுக்கலாம். டிராக்டர் கணக்கில் முறையே 25, 30 லோடு. இ-சேவையில் விண்ணப்பிக்கச் சிட்டாவில் உள்ள பெயரும் ஆதார் பெயரும் ஒத்திருக்க வேண்டும். பாகம் பிரிக்காத கூட்டுப் பட்டாக்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். வண்டி ஏற்ற இறக்க வசதி என்று கரையடியிலேயே தோண்டினால் கரை பலமிழக்கும். களிமண் அடுக்கைத் தாண்டிக் கிராவல் வரை போனால் நிற்கிற தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும். எனவே தோண்டும் எல்லைக்கு முளை அடித்து, சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகே வண்டிகளை இறக்கினோம். லோடு நோட்டில் வண்டி எண்ணும் நேரமும் எழுதினோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கோடிக் கால்வாயில் (ஏரி நிரம்பி வழியும் உபரி நீர் வெளியேறும் கால்வாய்) சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். மேலே வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஃபெஞ்சல் புயலில் டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதையும், பேருந்து நிலையம் அருகே நின்ற வண்டிகள் வெள்ளத்தில் போனதையும் அனைவரும் அறிவோம். நம் ஏரி நிரம்பிக் கோடி போனது, கரை நின்றது. விருது விண்ணப்பத்தில் கடைசிப் பத்தியாக எழுதியிருந்த இந்தக் கால்வாய் வேலையைத்தான் மேடையில் வாசித்தார்கள். வண்டல் லோடு கணக்கை யாரும் கேட்கவில்லை!

விருது விண்ணப்பம் பற்றிச் சில குறிப்புகள், அடுத்த செயலாளருக்காக. முன்-பின் படங்களை ஒரே இடத்தில் நின்று, மதகு தெரிகிற மாதிரி எடுங்கள். இல்லையென்றால் அது எந்த ஏரிப் படம் என்றே தெரியாது. கூட்டுப்பணிப் பிரிவில் சங்கத்தின் தற்புகழ்ச்சிக்கு மதிப்பில்லை. ஊராட்சி, நீர்வளத்துறைப் பொறியாளர், வண்டல் எடுத்த விவசாயிகள் என ஒவ்வொரு தரப்பும் என்ன செய்தது என்று ஒரு வரியாவது வேண்டும், அவர்கள் கையெழுத்தோடு. சங்கப் பெயரைப் பதிவுச் சான்றில் உள்ளபடி, முன்னெழுத்து உட்பட, பெரிய எழுத்தில் எழுதித் தனித்தாளாகக் கொடுங்கள். இந்த ஆண்டுச் சான்றிதழில் 'பாதுகாப்பு' விடுபட்டு அச்சானது. திருத்திய நகல் வரப் பல வாரம் ஆயிற்று. விழா மாலையிலேயே வாங்கிப் படித்துப் பார்த்துச் சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

மேடைக்கு ஒரு அமைப்புக்கு இருவர் என்று சொல்லிவிட்டார்கள். தலைவரும் பொருளாளரும் ஏறுவது வழக்கம் என்றாலும், நிர்வாகக் குழு முடிவுப்படி ஒரு டிராக்டர் உரிமையாளரும் கால்வாயில் வேலை செய்த மகளிர் குழுவின் ஒருவரும் ஏறினார்கள். இது சரியான முடிவு, தொடர வேண்டும். ஆறு மணி அழைப்பு என்றால் விருது வழங்க எட்டாகும். ஊர் திரும்பும் கடைசிப் பேருந்தை நம்பி வந்த பெண்கள் பெயர் அழைக்கும் முன்பே எழுந்து போக நேர்ந்தது. அடுத்த முறை வேன் வாடகையை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

கேடயம் சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளது. ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாமா, சங்க அறையிலா என்பது இன்றைய கூட்டத்தின் முடிவுக்கு விடப்படுகிறது. கோடிக் கால்வாயில் மறுபடி முளைத்த கருவேலங்கன்றுகளை ஆடி முடிவதற்குள் பிடுங்கத் தேதி குறிக்க வேண்டும்; கடப்பாரை, கயிறு இருப்பில் உள்ளன, கையுறை இல்லை.

செயலாளர்