மண்மேடு அப்படியே இருக்கட்டும், அம்மா

குவைத்,
நவம்பர், வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு மூத்தவன் எழுதுவது. தேவ கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அப்பா பேச்சு வந்ததுமே இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் கடிதம். நாசரேத்துக்காரர் ஒருவர் திங்கள்கிழமை ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஏன் இன்னும் கல்லறை கட்டவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்பதாகத் தங்கச்சி சொன்னாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஐந்து மாதச் சம்பளம் பாக்கி வைத்தார்கள். லேபர் ஆபீஸில் புகார் கொடுத்த பிறகு இரண்டு மாதச் சம்பளம் வந்தது. அது வட்டிக்கும் தம்பியின் பீஸுக்கும் போய்விட்டது. இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியான என் அக்காமாவையும் அவர்கள் புதுப்பிக்கவில்லை. ஜூலையில் அப்பா அடக்கத்துக்கு நான் கிளம்பி வந்திருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது, பாக்கிப் பணமும் போயிருக்கும். அன்றைக்கு இதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை வெளி வேலை செய்யக்கூடாது என்பது இங்கே சட்டம். அப்பா அடக்கமும் அந்த நேரத்தில்தான் நடந்தது. கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சபைப் போதகர் ஐயர் முதல் பிடி மண்ணைக் கையில் எடுத்தார், படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது குழி மூடியிருந்தது. அம்மா, அந்த மூடாத குழியும் ஐயரின் கையும் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

அன்று ராத்திரி அறையில் இருக்கும் கீழக்கரை பாய் தூங்கவே இல்லை. கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நீங்க உங்க ஜெபத்தைச் சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அதற்குப் பிறகும் ரொம்ப நாள் வரவில்லை.

நீங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். குறை சொல்ல எழுதவில்லை, அம்மா. நானும் அதே இடத்தில்தான் இருந்தேன்.

இங்கே வெள்ளிதான் லீவு, அதனால் வெள்ளிதான் எங்களுக்கு ஞாயிறு. குவைத் சிட்டியில் சுவிசேஷ சபையின் ஒரே வளாகத்துக்குள் ஒரு கூடத்தில் அரபி, அடுத்ததில் மலையாளம், தெலுங்கு, கொரியன், அப்புறம் நம் தமிழ். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, வேறு போக்கிடம் இல்லாமல் போய் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது, என் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா. மாதத்தில் ஒரு வெள்ளிதான் அவரை வெளியே விடுவார்களாம். சோப்புத் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்துப்போன கையால் பாமாலையை எனக்கும் தெரிகிற மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டு பாடினார். நான் பாடவில்லை, எழுந்து போகவும் இல்லை. அன்றைக்கு எனக்குள் இருந்த விசுவாசம் அவ்வளவுதான்.

அன்று போதகர் எடுத்தது 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி முறையிடுகிறவைதான் என்றார். அறைக்கு வந்து 88ஐ எடுத்துப் படித்தேன். கடைசி வரிவரைக்கும் ஆறுதலே வராது. ஆனாலும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. அதை விடிய விடியப் படித்தேன். எனக்கு ஜெபம் திரும்பி வந்தது அந்த வழியாகத்தான், சண்டையாக. நீங்களும் சண்டை போடுங்கள், அம்மா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அந்த வளாகத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி பழைய அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கிறது. எலினோர் கால்வர்லி என்ற டாக்டரம்மா 1912ல் குவைத்துக்கு வந்து பெண்களுக்கு வைத்தியம் பார்த்தாராம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டோனாவூர் ஞாபகம்தான். சின்ன வயதில் அப்பா என்னைக் களக்காடு பஸ்ஸில் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல் குழியில் விழுந்தார். அதற்குப் பிறகு 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான், அங்கிருந்தே புத்தகம் எழுதினார். தனக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள். அப்பா அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். "சுகம் கேட்டாங்க, கிடைக்கல. கேட்ட ஆண்டவரை விடல பாத்தியா" என்று என்னிடம் சொன்னார். அப்போது என் கண்ணெல்லாம் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த குருவி மேல்தான் இருந்தது.

அதனால் கல்லறைக்காகக் கடன் வாங்க வேண்டாம். நம் வீட்டுக் கஞ்சிச் சட்டி ஒன்றை அப்பா தலைமாட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தில் குருவிகளுக்குக் குறைவில்லை. உங்களால் நடக்க முடிகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு, மனசு வந்தால், அப்படியே கோயிலுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பாட வேண்டாம்.

சொந்தக்காரர்கள் கேட்டால், மகன் இப்படிச் சொன்னான் என்று சொல்லுங்கள்.

கோடாலித் தைலம் இரண்டு, கொஞ்சம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புகிறேன். தைலம் ஒன்று உங்களுக்கு. இன்னொன்றைப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுங்கள், அன்றைக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்கள்தான்.

அடுத்த வெள்ளி ஆராதனை முடிந்ததும் கூப்பிடுகிறேன்.

உங்கள் மூத்த மகன்