மின்னஞ்சலுக்கும் ஒரு தபால் தலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் 14 வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்று ஊர்களில் தேன் பெட்டி வைத்திருக்கும் நாலைந்து பேருக்கு மெயில் எழுதிக் கொடுப்பதும் நான்தான். போன மார்ச்சில், ரப்பர் தேன் எடுக்கும் நேரம், கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் விலை கேட்டிருந்தார். அன்றைக்கே பதில் போட்டோம். அது அவருடைய ஸ்பேம் பெட்டியில், அதாவது வேண்டாத மெயில்களை ஒதுக்கி வைக்கும் இடத்தில், 11 நாள் கிடந்திருக்கிறது. அவர் பார்ப்பதற்குள் வேறு இடத்தில் சரக்கு வாங்கி முடித்துவிட்டார். "நாம எழுதினது எங்க மக்கா போச்சு?" என்று அந்தத் தேன்காரப் பெரியவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அதே வாரம், வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டச் சொல்லும் போலி மெயில்கள் மூன்று அந்தப் பெரியவருக்கு நேராக இன்பாக்ஸுக்கே வந்திருந்தன.

இதற்கு ஒரு வழி எப்போதோ சொல்லப்பட்டிருக்கிறது. மெயில் அனுப்பும் கம்ப்யூட்டர் முதலில் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும் என்று 1992இல் சிந்தியா டுவொர்க், மோனி நாவோர் இருவரும் எழுதினார்கள். 1997இல் ஆடம் பேக் அதே மாதிரி ஒன்றை ஹாஷ்கேஷ் என்ற பெயரில் கொண்டுவந்தார். பெறுபவரின் முகவரி, தேதி, ஓர் எண் எல்லாம் சேர்ந்த ஒரு வரிதான் மெயிலோடு போகும் தபால் தலை. ஷா-1 என்பது எந்த வரியைக் கொடுத்தாலும் அதைக் கலக்கி ஒரு நீண்ட விடை தரும் கணக்கு; விடையின் ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9, a முதல் f என்ற 16 குறிகளில் ஒன்று வரும். தபால் தலையின் ஷா-1 விடை ஐந்து பூச்சியத்தில் தொடங்கும்வரை அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சராசரியாக 10,48,576 முயற்சி. பெறுபவர் சரிபார்க்க ஒரே ஒரு தடவை கணக்கிட்டால் போதும். ஒரு மெயிலுக்கு ஒரு வினாடி என்று வைத்தாலும், ஒரு கம்ப்யூட்டர் ஒரு நாளில் 86,400க்கு மேல் அனுப்ப முடியாது. நாளுக்குப் பத்து மெயில் போடும் தேன்காரருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கடையிலேயே பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரலை வைத்துச் செய்து பார்த்தேன். புது லேப்டாப் ஒரு வினாடிக்குள் முடித்தது. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு தடவை 4 வினாடி, அடுத்த தடவை 13. விண்டோஸில் செய்த தபால் தலையை நோட்பேடில் சேமித்து, உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் சரிபார்த்தால், செல்லாது என்றது. அரை நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை விண்டோஸ் இரண்டு வைக்கிறது, லினக்ஸ் ஒன்று வைக்கிறது. ஒரு எழுத்து கூடினாலே விடை முழுக்க மாறிவிடும். அதைச் சரி செய்த பிறகும் ஒரு கம்ப்யூட்டரின் தபால் தலை மட்டும் தள்ளுபடி ஆனது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் சிமோஸ் பேட்டரி தீர்ந்து, தேதி 2004 ஜனவரி 1க்குப் போயிருந்தது! ஹாஷ்கேஷில் வழக்கமாக 28 நாள்தான் தபால் தலைக்கு ஆயுள். இங்கே பள்ளிகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களில் இந்தப் பேட்டரியை யாரும் மாற்றுவதே இல்லை.

திருட்டுத்தனமாகக் கைப்பற்றிய ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை வைத்து ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு இந்தக் கணக்கு ஓசி என்பதும் உண்மைதான். 2004இல் லாரி, கிளேட்டன் என்ற இருவர் கணக்குப் போட்டே இதைக் காட்டினார்கள். அதனால் தபால் தலை இல்லாத மெயிலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தபால் தலை இருக்கிற மெயிலுக்கு, ஸ்பேமா என்று பார்க்கும்போது கொஞ்சம் மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள் என்கிறேன். ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி முன்பு அப்படித்தான் செய்தது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அதிக நேரம் காத்திருக்கும் அநியாயத்துக்கும் 2003லேயே வழி தேடினார்கள். பிராசசர் வேகம் அளவுக்கு மெமரியின் வேகம் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வித்தியாசப்படாது. அதனால் மெமரியை நம்பும் கணக்காகக் கொடுக்கலாம் என்றார்கள்.

நம் மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி வருட மாணவர்கள் இதை ஒரு ப்ராஜெக்டாக எடுக்கலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு நான்கிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். தேதி தப்பாக இருந்தால் தமிழில் சொல்ல வேண்டும். ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் பார்க்காவிட்டாலும், சொந்த சர்வர் வைத்திருக்கும் கல்லூரிகளும் சங்கங்களும் தங்களுக்குள் தொடங்கலாம். சோதித்துப் பார்க்கப் பழைய கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் என் கடையில் ஆறு இருக்கின்றன. ஞாயிறு தவிர எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்பவர்,
தக்கலை.