ரேங்க் பட்டியலைக் கொஞ்சம் மடித்து வை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பதில் நிம்மதி. ஓய்வு பெறப்போகிறாய் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. நீயாவது சும்மா உட்காருவதாவது! பாப்பாவுக்கு அமெரிக்காவிலேயே இரண்டு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைத்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்.

"ஒன்று இருபத்தெட்டாவது ரேங்க், முழுக் கட்டணம். இன்னொன்று எழுபத்தொன்றாவது, ஆனால் பாதிக்கு மேல் ஸ்காலர்ஷிப். இதில் யோசிக்க என்னடா இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் வக்கீல் ஆபீசில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறைய இருக்கிறது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார். நீ பார்த்திருப்பது யு.எஸ். நியூஸ் பத்திரிகை போடும் சட்டக் கல்லூரிப் பட்டியலாகத்தான் இருக்கும். 1987இல் முதன்முதலாக வந்தது, 1990 முதல் ஆண்டு தவறாமல் வருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிதான் முதலிடத்தில் இருந்தது. அந்த யேலே 2022 நவம்பரில் "இனி உங்களுக்கு விவரம் தரமாட்டோம்" என்று விலகிக்கொண்டது. அன்றைக்கே ஹார்வர்டும் சொல்லிவிட்டது. அடுத்தடுத்து பெர்க்லி, கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு. பொதுச் சேவைக்குப் போகும் மாணவர்களையும் பணவசதி இல்லாதவர்களையும் சேர்க்கும் கல்லூரிகளுக்கு இந்தக் கணக்கு எதிராக இருக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. விலகினாலும் பட்டியலிலிருந்து தப்ப முடியவில்லை. பொதுவில் கிடைக்கும் விவரங்களை வைத்தே பத்திரிகை ரேங்க் போட்டது.

ஆனால் கணக்கை மாற்றியது. அதுவரை மற்ற கல்லூரிக்காரர்களின் அபிப்பிராயத்துக்கு மட்டும் 25 சதவீதம், அது பாதியானது. எல்சாட் போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும், கல்லூரிப் பட்டப்படிப்பில் வாங்கிய கிரேடுகளின் சராசரியான ஜி.பி.ஏ.வும் சேர்ந்து 20 சதவீதமாக இருந்தது 9 ஆனது. வேலைவாய்ப்பு 18இலிருந்து 33க்கு ஏறியது. வக்கீல் தொழில் உரிமத்துக்கு எழுதும் பார் தேர்வில் முதல் தடவையே தேறுகிறவர்கள் விகிதம், முன்பு ஏதோ பேருக்கு இருந்தது, 18 சதவீதம் ஆனது. மாணவர் ஒருவருக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற கணக்கை அடியோடு தூக்கிவிட்டார்கள். அந்த ஒரே வருடத்தில் எத்தனையோ கல்லூரிகள் பத்து இடத்துக்கு மேல் ஏறின, இறங்கின. கட்டடம் அதேதான், வாத்தியார்களும் அதே ஆட்கள்தான்.

அபிப்பிராயம் என்றேனே, அது எப்படி வாங்கப்படுகிறது தெரியுமா? ஒவ்வொரு கல்லூரியிலும் டீன் உட்பட நாலு பேருக்குப் படிவம் போகும். கிட்டத்தட்ட இருநூறு கல்லூரிகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஒரு சிறிய கல்லூரியைப் பற்றி ஒரு டீனுக்கு என்ன தெரியும்? போன வருடத்து ரேங்க் தெரியும். அதை வைத்து மார்க் போடுவார், அந்த மார்க் இந்த வருடத்து ரேங்குக்குள் போகும். இந்தச் சுற்றுக்குத்தான் நாம் இவ்வளவு மரியாதை கொடுக்கிறோம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மிச்சிகனில் கூலி என்று ஒரு சட்டக் கல்லூரி சொந்தமாகவே ஒரு தரவரிசை வெளியிட்டுக்கொண்டிருந்தது. நூலகத்தின் சதுர அடி, உட்காரும் இடம் என்றெல்லாம் கணக்கில் சேர்த்து, ஹார்வர்டுக்கு அடுத்தபடி தன்னையே இரண்டாவதாகப் போட்டுக்கொண்டது! எல்லோரும் சிரித்தார்கள். எதற்கு எத்தனை பங்கு என்று முடிவு செய்கிறவன் கையில்தான் ரேங்க் என்பதை அதைவிட வெளிப்படையாக யாரும் காட்டவில்லை.

இப்போது பாப்பாவின் ஸ்காலர்ஷிப்புக்கு வருகிறேன். எல்சாட் 120 முதல் 180 வரை. ரேங்குக்குக் கல்லூரிகள் காட்டுவது சராசரியை அல்ல, மீடியனை. வகுப்பை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் ஆளின் மதிப்பெண். நடுவுக்குக் கீழே இருப்பவர் ஒரு மார்க் குறைவா, பத்து மார்க் குறைவா என்பது அந்த எண்ணை அசைக்காது. ஆகவே நடுக்கோட்டுக்கு மேலே நிற்கக்கூடிய ஆட்களைக் கல்லூரிகள் காசு கொடுத்து இழுக்கின்றன. அந்தக் காசு பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே இருந்து முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள் தருவது. பாப்பா இரண்டாவது கல்லூரியில் கோட்டுக்கு மேல், முதல் கல்லூரியில் கீழ். உனக்கு வந்த இரண்டு கடிதங்களுக்கும் விளக்கம் இவ்வளவுதான். இந்த மீடியனுக்காகப் பொய்க்கணக்கு எழுதியவர்களும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி எல்சாட், ஜி.பி.ஏ. எண்களைத் திரித்தது 2011இல் வெளிவந்து, அடுத்த வருடம், சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் வக்கீல் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் 2,50,000 டாலர் அபராதம் போட்டது.

ஸ்காலர்ஷிப் கடிதத்தை இன்னொரு தடவை எடுத்துப் படி. "இந்த ஜி.பி.ஏ.க்குக் குறையாமல் இருந்தால்" அல்லது "வகுப்பில் மேல் பாதியில் இருந்தால்" என்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா பார். கல்லூரியில் எப்போதும் ஏ வாங்கியவள், இது என்ன பிரமாதம் என்று நினைப்பாள். சட்டக் கல்லூரி முதல் வருடத்தில் மார்க் போடுவது 'கர்வ்' முறையில். எல்லோரும் நன்றாக எழுதினாலும் பாதிப் பேர் கீழ்ப் பாதியில்தான் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் 509 அறிக்கை என்று ஒன்றை இணையதளத்தில் போட வேண்டும் என்பது பார் அசோசியேஷன் விதி. அதில் நிபந்தனையோடு ஸ்காலர்ஷிப் வாங்கிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குக் குறைக்கப்பட்டது அல்லது பறிபோனது என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கும். ரேங்க் பட்டியல் முழுவதையும்விட உனக்கு அந்த இரண்டு எண்கள் முக்கியம்.

ரேங்க் வெறும் பொய் என்று சொல்ல வரவில்லை. உச்சியில் அது நிஜமாகவே கதவு திறக்கும். இன்றைய அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஹார்வர்டு அல்லது யேல். முதல் பதினான்கு என்று ஒரு கூட்டத்தை வக்கீல்கள் தனியாகவே பேசுவார்கள். அவள் அங்கே போகிறாள் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதற்குக் கீழே இறங்க இறங்க, ஊர்தான் பேசும். உங்கள் மாநிலத்தில்தான் வக்கீலாக இருக்கப்போகிறேன் என்கிறாள். அங்கே கோர்ட்டிலும் ஆபீஸ்களிலும் அந்த எழுபத்தொன்றாவது கல்லூரியின் பழைய மாணவர்கள்தானே நிறைந்திருக்கிறார்கள்? வெளி மாநிலத்து இருபத்தெட்டாவதுக்கு அங்கே அந்தச் செல்வாக்கு இருக்காது.

சம்பளத்தையும் சராசரியாகப் பார்க்காதே. புதிதாக வரும் வக்கீல்களின் சம்பள வரைபடம் ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு திமிலோடு இருக்கும். பெரிய நிறுவனங்களில் முதல் வருடமே 2,25,000 டாலர். பெரும்பாலோர் அதற்கு வெகு கீழே இன்னொரு கும்பலாக நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் குறைவு. ஆகவே சராசரிச் சம்பளம் என்று கல்லூரி காட்டும் தொகையை வாங்குகிறவர் அநேகமாக யாருமில்லை. வேலைவாய்ப்பு அறிக்கையில் "முழுநேரம், நீண்டகாலம், பார் தேர்ச்சி தேவைப்படும் வேலை" என்ற வரியை மட்டும் பார். படிப்பு முடிந்து பத்து மாதத்தில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள், எந்த மாநிலத்தில் இருக்கிறார்கள் என்று பார். பார் தேர்ச்சி விகிதத்தையும் அதே மாநிலத்தின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். விஸ்கான்சினில் உள்ள இரண்டு கல்லூரிகளில் படித்தால் அந்த மாநிலத்தில் பார் தேர்வு எழுதாமலே வக்கீல் ஆகலாம்; அதைப் பக்கத்து மாநிலத்தோடு எப்படி ஒப்பிடுவாய்?

கடனையும் யோசி. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசுக் கடன், சட்டப் படிப்புக்கு வருடத்துக்கு 50,000 டாலர்தான். முழுக் கட்டணமும் தங்குகிற செலவும் சேர்ந்தால் மீதிக்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டும். அங்கே வட்டியும் கூடும், பொதுச் சேவைக்காகக் கிடைக்கும் கடன் தள்ளுபடியும் பொருந்தாது. சட்ட உதவி மையத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறவளுக்கு இது சின்ன விஷயமில்லை.

என் ஓட்டு இரண்டாவதுக்கு, நிபந்தனை இல்லாவிட்டால். நிபந்தனை இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லி அவளையே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல். முதல் கல்லூரிக்கும் இந்தத் தொகையைக் காட்டி ஏதாவது குறைக்க முடியுமா என்று கேட்கட்டும். பேரம் பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு இது பழக்கம்தான். முன்பணம் கட்டுவதற்குள் செய்ய வேண்டும். இரண்டு 509 அறிக்கையையும் எனக்கு அனுப்பு, சனிக்கிழமை போனில் உட்கார்ந்து பார்ப்போம். அவளும் கூட இருக்கட்டும். நீ மட்டும் கேட்டால் பாதியை மறந்துவிட்டு அவளிடம் வேறு எதையோ சொல்வாய்.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன் பழைய அறைத் தோழன்